ஸ்பானிஷும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில்: லத்தீனோ குழந்தைகள் புத்தகம் பதிப்பிப்பது எப்படி?

நான் ஹூஸ்டனில் இருக்கிறேன். புத்தகங்களுக்கு லேஅவுட் (பக்க வடிவமைப்பு) செய்வது என் தொழில். சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓர் அம்மா ஒரு கதையை எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். அவர் மெக்சிகோவின் புவெப்லாவிலிருந்து வந்தவர். சிறுவயதில் தன் அம்மாவோடு பட்டம் விட்ட கதை அது. "என் பையன் ஆங்கிலத்தில்தான் படிக்கிறான். என் அம்மாவுக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். ரெண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரணும்" என்றார். இருமொழிப் படக்கதை எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இந்தப் பதிலைத்தான் சொல்கிறேன்.

லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த குடும்பங்களைத்தான் இங்கே லத்தீனோ என்கிறார்கள். அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுபவர்கள் 4 கோடிக்கும் மேல். ஓவியம், லேஅவுட் வேலைக்காக இந்தத் துறைக்குள் வரும் தமிழ் நண்பர்கள் அடிக்கடி என்னிடம் வழி கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. எல்லாப் படியிலும் ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தப் பக்கத்தில் இரண்டு மொழிக்கும் சம இடம் கிடைத்திருக்கிறதா?

படி 1: நூலகத்துக்குப் போங்கள்

எழுத ஆரம்பிக்கும் முன் குறைந்தது முப்பது இருமொழிப் புத்தகங்களையாவது புரட்டுங்கள். யார் பதிப்பித்தது, எந்த மொழி மேலே இருக்கிறது, மொழிபெயர்த்தவர் பெயர் எங்கே இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

இந்தப் புத்தகங்கள் சும்மா வந்துவிடவில்லை. புரா பெல்ப்ரே என்ற போர்ட்டோ ரிக்கோ பெண் 1921ல் நியூயார்க் பொது நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தன் ஊர்க் கதைகள் அங்கே ஒரு அலமாரியிலும் இல்லை என்று கண்டு, தானே பொம்மைகளை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் கதை சொன்னார். ஒரு கரப்பான்பூச்சிக்கும் எலிக்கும் நடக்கும் கல்யாணக் கதையை 1932ல் புத்தகமாகவும் கொண்டுவந்தார். 1975ல் சான் பிரான்சிஸ்கோவில் சில்ட்ரன்ஸ் புக் பிரஸ் தொடங்கியது. ஓவியர் கார்மென் லோமாஸ் கார்ஸா, கவிஞர் ஃபிரான்சிஸ்கோ அலர்கோன், பின்னாளில் 2015ல் அமெரிக்காவின் தேசியக் கவிஞரான ஹுவான் ஃபெலிப்பே ஹெர்ரேரா எல்லோருடைய இருமொழிக் குழந்தைப் புத்தகங்களும் அங்கிருந்து வந்தவை. எங்கள் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஆர்ட்டே புப்ளிகோ பிரஸ் 1979ல் பிறந்தது. 1994ல் குழந்தைகளுக்கென்றே பின்யாட்டா புக்ஸ் என்ற பிரிவை அது தொடங்கியது. டெக்சஸின் எல் பாசோ நகரில் ஒரு குடும்பம் 1985ல் ஆரம்பித்தது சின்கோ புன்டோஸ் பிரஸ். சில்ட்ரன்ஸ் புக் பிரஸ்ஸை 2012லும் சின்கோ புன்டோஸை 2021லும் லீ அண்ட் லோ பதிப்பகம் வாங்கிக்கொண்டது. பழைய பெயரில் இருக்கும் புத்தகத்தை இப்போது யார் விற்கிறார்கள் என்று தேடும்போது இந்தத் தகவல் கைகொடுக்கும்.

படி 2: கதையைச் சுருக்குங்கள்

கதை அந்தச் சமூகத்துக்குள்ளிருந்து வரட்டும். நம்மைப் போல வெளியிலிருந்து வருபவர்களுக்குச் செய்ய எவ்வளவோ வேலை இருக்கிறது. பாட்டியின் நினைவைப் பேத்திதான் எழுத வேண்டும்.

ஒருமொழிப் படக்கதைக்கு 500 முதல் 800 சொற்கள் வழக்கம். இங்கே ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பத்தி வரும் என்பதால் ஒரு மொழிக்கு 500க்குள் நிறுத்தப் பாருங்கள். முதல் வரைவில் எங்கள் பட்டக் கதை 900 சொல் இருந்தது. "வானம் நீலமாக இருந்தது" மாதிரி வரிகளை எல்லாம் எடுத்துவிட்டோம். வானத்தின் நிறத்தை ஓவியர் பார்த்துக்கொள்வார்.

படி 3: இரண்டாவது மொழி

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்பானிஷ் ஒரே மொழிதான், ஆனால் வீட்டுச் சொற்கள் நாட்டுக்கு நாடு மாறும். பட்டத்துக்கு மெக்சிகோவில் பப்பலோத்தே, போர்ட்டோ ரிக்கோவில் சிரிங்கா, குவாத்தமாலாவில் பர்ரிலேத்தே, சிலியில் வொலந்தீன், கொலம்பியாவில் கொமேத்தா. போர்ட்டோ ரிக்கோ குழந்தைக்கு 'குவாகுவா' என்றால் பேருந்து, சிலிக் குழந்தைக்கு அதே சொல் கைக்குழந்தை.

எங்கள் கதையை எழுதிய அம்மா ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ஸ்பானிஷ் வடிவத்தைச் செய்து தந்தவர், எல்லா நாட்டு வாசகருக்கும் புரியட்டும் என்று நல்லெண்ணத்தோடு 'கொமேத்தா' போட்டிருந்தார். அதைப் படித்ததும் அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. பப்பலோத்தே என்ற சொல் மெக்சிகோப் பூர்வகுடிகளின் நாவாட்ல் மொழியில் வண்ணத்துப்பூச்சியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அறுந்துபோன பட்டம் வண்ணத்துப்பூச்சியாகப் பறந்து போவதுதான் கதையின் முடிவே. 'கொமேத்தா' என்ற சொல்லின் இன்னொரு பொருள் வால்நட்சத்திரம். சொல் மாறினால் முடிவு ஒட்டாது. பப்பலோத்தே என்றே வைத்தோம். வேறு நாட்டுப் பிள்ளைக்குப் படத்தைப் பார்த்தால் புரிந்துவிடும்.

அதனால் கதை எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊர் ஸ்பானிஷ் பேசுபவரை மொழிபெயர்ப்பாளராகப் பிடியுங்கள். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் அந்த ஊர்க்காரர் ஒருவரை உட்காரவைத்து முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள். கணினி மொழிபெயர்ப்பை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். எதுகை மோனையோடு வரும் பாட்டாக இருந்தால் வரிக்கு வரி மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். அதே காட்சிக்கு ஸ்பானிஷில் ஒரு புதுப் பாட்டே வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்குச் சம்பளமும், புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தில் பெயரும் தர வேண்டும். அட்டையிலேயே போட்டால் இன்னும் நல்லது. ஒப்பந்தத்தில் அதை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. ஆங்கில வரிகளுக்கு நடுவே 'அபுவேலா' (பாட்டி) மாதிரி ஒரு ஸ்பானிஷ் சொல் வந்தால் அதைச் சாய்வெழுத்தில் போடும் பழைய வழக்கம் உண்டு. நான் போடுவதில்லை. அந்த வீட்டுக் குழந்தைக்குப் பாட்டி அந்நியச் சொல் கிடையாது.

படி 4: டம்மி (மாதிரிப் புத்தகம்) செய்யுங்கள்

படக்கதைக்கு 32 பக்கம், அதாவது 16 பக்கம் கொண்ட ஃபாரம் இரண்டு. தலைப்பு, காப்புரிமை, சமர்ப்பணம் போக விரித்த பக்கங்களாக 13, 14 காட்சி கிடைக்கும். வெறும் ஏ4 தாளை மடித்துத் தைத்து, பென்சிலால் படத்தைக் கிறுக்கி, இரண்டு மொழி வரிகளையும் வெட்டி ஒட்டுங்கள். கணினியில் உட்காருவது அதற்கு அப்புறம்.

ஆங்கிலத்தைவிட ஸ்பானிஷ் நீளும். ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் என்று கணக்கு வைத்து இடம் விடுங்கள். இடம் போதவில்லை என்று ஸ்பானிஷ் எழுத்தை மட்டும் ஒரு பாயின்ட் அளவு சிறியதாக்கும் ஆசை வரும். அதைச் செய்யவே கூடாது. ஒன்றைக் கறுப்பிலும் மற்றதைச் சாம்பல் நிறத்திலும் போடுவதும் அதே தப்புதான். எழுத்து வாசிக்கத் தெரியாத நான்கு வயதுக் குழந்தைக்குக்கூட எந்த மொழி பெரிய எழுத்தில் இருக்கிறது என்பது தெரியும். இரண்டுக்கும் ஒரே எழுத்துரு, ஒரே அளவு, ஒரே கனம். நடுவில் ஒரு சின்னப் படம் போட்டுப் பிரிக்கலாம். நாங்கள் ஒரு நூல்கண்டு போட்டோம். எது மேலே, எது கீழே என்பதை முதல் பக்கத்தில் முடிவு செய்துவிட்டுக் கடைசிவரை மாற்றாதீர்கள். பாட்டி ஸ்பானிஷில் பேசும் கதை என்பதால் எங்கள் புத்தகத்தில் ஸ்பானிஷ் மேலே.

டம்மியை அந்தப் பாட்டியிடமும் பேரனிடமும் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். பாட்டி சொல்லச் சொல்ல, பையன் தன் ஆங்கில வரிகளை முடித்துவிட்டுப் பக்கத்தின் மூலையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். ஏழாவது காட்சியில் பொறுக்கமுடியாமல் திருப்பியே விட்டான். பாட்டிக்கு இன்னும் இரண்டு வரி பாக்கி. அந்தப் பக்கத்தில் ஸ்பானிஷ் ஆங்கிலத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நீண்டிருந்தது எங்கள் கண்ணில் படவே இல்லை. மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லி அந்தப் பத்தியைக் குறைத்தோம். ஆங்கிலத்திலும் ஒரு வரியைச் சேர்த்தோம். அதனால் டம்மியை உரக்க வாசிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 5: ஓவியருக்குச் சொல்ல வேண்டியவை

இரண்டு பத்தி விழ வெற்றிடம் வேண்டும் என்று முதல் ஸ்கெட்ச்சிலேயே சொல்லிவிடுங்கள். வானம், சுவர், மணல் மாதிரி அமைதியான இடங்கள் நல்லது. பெரிய தொப்பியும் கள்ளிச்செடியும் வரைந்தால் மெக்சிகோ ஆகிவிடாது. அந்த வீட்டு அடுக்களையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்: சோள ரொட்டி சுடும் கொமால் தட்டு, மூன்று கால் வைத்த மோல்காஹெத்தே கல்லுரல், மேசைமேல் விரித்த பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு.

பதிப்பகம் வழியாகப் போவதாக இருந்தால் ஓவியரை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். கதையை மட்டும் அனுப்பினால் போதும்.

படி 6: பதிப்பகமா, சொந்தச் செலவா?

பதிப்பகம் என்றால் அதன் இணையதளத்தில் இருக்கும் விதிமுறையை வரி விடாமல் படியுங்கள். சிலர் இரண்டு மொழியிலும் கேட்பார்கள், சிலர் ஒன்றில் மட்டும் வாங்கி மொழிபெயர்ப்பைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். ராயல்டி பொதுவாக 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும், அதை எழுதியவரும் ஓவியரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். இருமொழிப் பதிப்பு, தனி ஸ்பானிஷ் பதிப்பு, தனி ஆங்கிலப் பதிப்பு மூன்றின் உரிமையும் யாரிடம் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

சொந்தமாகப் போடுவதென்றால் புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை பவ்கர் நிறுவனத்திடம் வாங்க வேண்டும். இந்தியாவில் இலவசம், அமெரிக்காவில் ஒன்று 125 டாலர், பத்து 295 டாலர். கெட்டி அட்டை, சாதா அட்டை, மின்னூல் மூன்றுக்கும் தனித்தனி எண் தேவை என்பதால் பத்தாக வாங்குவதே மலிவு. நூலகங்கள் பட்டியலிடப் பயன்படுத்தும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் கட்டுப்பாட்டு எண் இலவசம், ஆனால் புத்தகம் வெளிவருவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். நூலகங்களுக்கு விற்க நினைத்தால் அதை விடாதீர்கள். லாஸ் ஏஞ்சலஸில் இரண்டு தோழிகள் 2014ல் தொடங்கிய லில் லிப்ரோஸ், கைக்குழந்தைகளுக்கான கெட்டித்தாள் புத்தகங்களை வைத்துத்தான் வளர்ந்தது. சிறியதாக ஆரம்பிக்கலாம் என்பதற்கு அதுவே போதும்.

மானியத்தை மட்டும் நம்பி அச்சுக்குப் போகாதீர்கள். 1999ல் சின்கோ புன்டோஸ் ஒரு இருமொழிக் குழந்தைப் புத்தகம் போட்டபோது, அதை எழுதியவர் மெக்சிகோவின் சப்பாத்திஸ்தா போராளித் தலைவர் என்பதால் அமெரிக்க அரசின் கலை மானியம் 7,500 டாலர் கடைசி நேரத்தில் ரத்தானது. ஒரு தனியார் அறக்கட்டளை கைகொடுத்ததால் புத்தகம் தப்பியது.

படி 7: மெய்ப்பு (புரூஃப்) பார்ப்பது

ஸ்பானிஷ் மெய்ப்பை ஸ்பானிஷ் தெரிந்தவரே பார்க்க வேண்டும். 'பப்பா' என்ற சொல்லின் கடைசி எழுத்தின்மேல் சாய்கோடு இருந்தால் அப்பா, இல்லாவிட்டால் உருளைக்கிழங்கு. ஆண்டைக் குறிக்கும் 'அன்யோ'வில் எழுத்தின்மேல் இருக்கும் நெளிகோடு விட்டுப்போனால் குழந்தைகள் புத்தகத்தில் வரவே கூடாத சொல்லாகிவிடும். கேள்விக்குறியும் ஆச்சரியக்குறியும் வாக்கியத்தின் தொடக்கத்தில் தலைகீழாக ஒருமுறை வர வேண்டும். உரையாடலுக்கு மேற்கோள்குறிக்குப் பதிலாக நீண்ட கோடு. தலைப்பில் முதல் சொல்லுக்கும் பெயர்ச்சொற்களுக்கும் மட்டும் பெரிய எழுத்து, ஆங்கிலம் மாதிரி எல்லாச் சொல்லுக்கும் கிடையாது.

எழுத்துருவில் இந்தக் குறிகள் அத்தனையும் இருக்கின்றனவா என்று டம்மிக்கு முன்பே தட்டிப் பாருங்கள். அழகான கையெழுத்து வகைகள் பலவற்றில் இருக்காது. எங்கள் முதல் அச்சு மெய்ப்பு வந்தபோது நெளிகோட்டு எழுத்து இருந்த இடமெல்லாம் வெறும் கட்டம். தமிழ் எழுத்துரு இல்லாத கணினியில் நம் எழுத்து வருமே, அதே கட்டம்தான். அச்சகத்தில் எழுத்துருவை மாற்றியிருந்தார்கள். பிடிஎஃப்பில் எழுத்துருவைப் பொதிந்து (எம்பெட் செய்து) அனுப்பியிருந்தால் இது நடந்திருக்காது. அதிலிருந்து நான் பொதியாமல் அனுப்புவதே இல்லை.

படி 8: அச்சு

எழுத்துகளை நான்கு நிறமும் கலந்த கறுப்பில் போடாதீர்கள், வெறும் கறுப்பு மையில் மட்டும் போடுங்கள். நிறத்துக்கு ஒன்றாக இருக்கும் நான்கு அச்சுப் பிளேட்டில் ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் முதலில் கலங்குவது எழுத்தின் தலையில் இருக்கும் அந்தச் சின்னச் சாய்கோடுதான். இன்னொரு லாபமும் உண்டு. நாளைக்குத் தனி ஸ்பானிஷ் பதிப்பு போட்டால் கறுப்புப் பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும், படங்கள் அப்படியே இருக்கும்.

படி 9: பிள்ளைகள் கைக்குக் கொண்டுபோவது

ஏப்ரல் 30 மெக்சிகோவில் குழந்தைகள் தினம். எழுத்தாளர் பாட் மோரா 1996ல் முன்வைத்த யோசனையால் அமெரிக்க நூலகங்கள் அதைக் குழந்தைகளும் புத்தகங்களும் சேர்ந்த நாளாகக் கொண்டாடுகின்றன. புத்தகம் அதற்கு இரண்டு மாதம் முன்பாவது கையில் இருக்கும்படி திட்டமிடுங்கள். அதே 1996ல்தான் புரா பெல்ப்ரே பெயரில் விருதும் ஆரம்பித்தது. எழுதியவரோ வரைந்தவரோ லத்தீனோவாக இருந்தால் அனுப்பலாம். ஸ்பானிஷ் பேசும் மக்களுக்கான நூலகர் சங்கமான ரெஃபோர்மாவின் உள்ளூர்க் கிளையைத் தேடிப்பிடித்து, நேரில் போய்ப் புத்தகத்தைக் காட்டுங்கள்.

பள்ளிச் சந்தை சட்டத்தைப் பொறுத்து ஏறும், இறங்கும். கலிபோர்னியாவில் 1998ல் ஒரு வாக்கெடுப்பு இருமொழிக் கல்வியைப் பெருமளவு நிறுத்தியது, 2016ல் இன்னொன்று அதைத் திரும்பக் கொண்டுவந்தது. உங்கள் மாவட்டத்தில் எந்தப் பள்ளியில் இருமொழி வகுப்பு நடக்கிறது என்று விசாரித்து, அந்த ஆசிரியரிடம் ஒரு பிரதியைக் கொடுங்கள்.

நூலகத்தில் புத்தகத்தை ஏற்றும்போது பட்டியலில் இரண்டு மொழியும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். எங்கள் புத்தகம் முதல் மூன்று மாதம் 'பிறமொழி' அலமாரியில் கிடந்தது, ஒரு பிள்ளையும் எடுக்கவில்லை. நூலகரிடம் சொன்னதும் படக்கதைகள் இருக்கும் தாழ்வான அலமாரிக்கு மாற்றினார். அடுத்த வாரம் போய்ப் பார்த்தபோது அது அங்கே இல்லை, யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.