கிரிப்டோவில் பணம் போய்விட்டதா? புகார் எழுதத் தெரியாதவர்களுக்காக

கிரிப்டோ ஆப்பில் உங்கள் பெயரில் 11 லட்சம் காட்டுகிறது. எடுக்கப் போனால், "இந்திய அரசின் 30 சதவீத வரியை முதலில் கட்டுங்கள், அப்புறம்தான் பணம் வெளியே வரும்" என்று டெலிகிராமில் பதில் வருகிறது. புகார் எழுத உதவி கேட்டு என்னிடம் வந்தவர்களில் பலருக்கு இந்த இடத்தில்தான் முதல் சந்தேகமே தட்டியிருக்கிறது. சிலர் அந்த 'வரி'யையும் கட்டிவிட்டு வந்தார்கள்.

30 சதவீத வரி உண்மைதான். ஆனால் அதை வருமான வரித் துறைக்கு நீங்கள்தான் கட்டவேண்டும், எந்த ஆப்பும் உங்களிடம் வசூலிக்காது. விற்கும்போது பிடிக்கப்படும் 1 சதவீத டிடிஎஸ் விற்ற தொகையிலிருந்தே கழிந்துவிடும், தனியாக அனுப்பச் சொல்ல மாட்டார்கள்.

படி 1: பயத்தை விடுங்கள், எதையும் அழிக்காதீர்கள்

"கிரிப்டோவே சட்டவிரோதம், போலீஸுக்குப் போனால் நம்மைத்தான் பிடிப்பார்கள்" என்ற பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வங்கிகள் கிரிப்டோ நிறுவனங்களுக்குச் சேவை தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் போட்ட சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று ரத்து செய்தது. கிரிப்டோ நாணயம் வாங்கி வைத்திருப்பது குற்றமில்லை. ஏமாந்தவர் புகார்தாரர்தான்.

கோபத்தில் அந்த டெலிகிராம் குழுவிலிருந்து வெளியேறிவிடாதீர்கள். ஆப்பை அழிக்காதீர்கள், போனை ரீசெட் செய்யாதீர்கள். உரையாடலைத் தேதி தெரியும்படி மேலிருந்து கீழ்வரை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் கேட்பார்கள். அசல் உரையாடல் அந்த போனிலேயே இருந்தால் அது சுலபம்.

படி 2: 1930

இதை முதலில் செய்துவிட்டு மற்றதைப் படித்தாலும் சரி. 1930 என்பது இணையப் பணமோசடிக்கான தேசிய உதவி எண். கூடவே சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் பதிவு செய்யலாம். ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. நீங்கள் யுபிஐயில் அனுப்பிய ரூபாய் மோசடிக்காரர்கள் வாடகைக்கு எடுத்த யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கில் கொஞ்ச நேரம்தான் தங்கும். அங்கே இருக்கும்போதே வங்கி மூலம் அதை முடக்க வைத்தால் உண்டு. நாணயமாக மாறிவிட்டால் வேலை பல மடங்கு கூடிவிடும்.

படி 3: இரண்டு தடங்களைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

பல புகார்கள் சொதப்புவது இங்கேதான். உங்கள் பணம் இரண்டு வழியில் போயிருக்கும்: வங்கியிலிருந்து ரூபாயாக ஒன்று, வாலட்டிலிருந்து (கிரிப்டோவை வைத்திருக்கும் இடம்) நாணயமாக இன்னொன்று. ரூபாய்க்கு யுடிஆர் எண் (வங்கிப் பரிமாற்றத்தின் குறிப்பு எண்) வேண்டும். வங்கி ஸ்டேட்மென்டில் இருக்கும். நாணயத்துக்கு பரிமாற்ற அடையாளம் (டிரான்சாக்ஷன் ஐடி) வேண்டும். பிட்காயின், ட்ரான் இரண்டிலும் அது 64 எழுத்து கொண்ட நீளமான சரம்; ஈத்தரியத்தில் முன்னால் 0x சேர்ந்து 66.

மோசடிகளில் நான் அதிகம் பார்த்தது ட்ரான் பிளாக்செயினில் (பரிமாற்றங்கள் பொதுவில் பதிவாகும் பேரேடு) போகும் யுஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டிய நாணயம்). அதன் முகவரி ஆங்கில 'டி' எழுத்தில் தொடங்கும், மொத்தம் 34 எழுத்து. ட்ரான்ஸ்கேன் தளத்தில் உங்கள் பரிமாற்ற அடையாளத்தை ஒட்டிப் பாருங்கள். யாரிடமிருந்து, யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று வரும். 'யாருக்கு' முகவரியை அழுத்தினால் அங்கிருந்து பணம் அடுத்து எங்கே போனது என்று தெரியும். இப்படி இரண்டு மூன்று முகவரி தாண்டியதும் சில சமயம் ஒரு முகவரிக்குப் பக்கத்திலேயே எக்ஸ்சேஞ்சின் (நாணயம் வாங்கி விற்கும் தளம்) பெயர் போட்டிருக்கும். அந்தப் பெயரைப் பார்த்ததும் நிறுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். பிளாக்செயினுக்கு முகம் கிடையாது, எக்ஸ்சேஞ்சுக்கு உண்டு. அதனிடம் அந்தக் கணக்குக்காரரின் கேஒய்சி (அடையாள ஆவணங்கள்) இருக்கும். காவல்துறை நோட்டீஸ் அனுப்பக்கூடிய கதவு அதுதான்.

இன்னொரு கதவு, யுஎஸ்டிடியை வெளியிடும் டெதர் நிறுவனம். ஒரு முகவரியில் இருக்கும் யுஎஸ்டிடியை அதனால் முடக்க முடியும். காவல் அமைப்புகள் கேட்டுச் செய்திருக்கிறது. பிட்காயினுக்கு அப்படி முடக்கித்தர ஆள் இல்லை.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பெரிய தலைவலி. தெரிந்த தம்பி ஒருவர் ப்ரவுசிங் சென்டரில் புகாரை டைப் அடிக்கக் கொடுத்தார். அடித்தவர் அழகுக்காக முகவரி முழுவதையும் கேப்பிடல் எழுத்தில் போட்டுவிட்டார். ட்ரான் முகவரியில் சிறிய எழுத்து வேறு, பெரிய எழுத்து வேறு. அப்படி ஒரு முகவரியே இல்லை என்று காட்டியது. மனுவை மாற்றி எழுத நான்கு நாள் போயிற்று. கையால் எழுதாதீர்கள், பார்த்து அடிக்காதீர்கள். காப்பி செய்து ஒட்டுங்கள், க்யூஆர் கோடையும் பக்கத்தில் அச்சிடுங்கள். நேரத்தையும் சரிபாருங்கள். ஈத்தரியத்துக்கான ஈத்தர்ஸ்கேன் தளம் யுடிசி (உலகப் பொது) நேரத்தைக் காட்டும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால்.

படி 4: புகாரை எழுதும் விதம்

"நம்பி ஏமாந்தேன், குடும்பம் நடுத்தெருவில் நிற்கிறது" என்று இரண்டு பக்கம் எழுதுவதைவிட, இப்படி ஒரு பத்தி வேலை செய்யும்:

"மார்ச் 14 காலை 11.20-க்கு என் சேமிப்புக் கணக்கிலிருந்து ரூ.90,000 இந்த யுபிஐ ஐடிக்கு அனுப்பினேன். யுடிஆர் எண் இது. அதே நாள் 11.50-க்கு என் எக்ஸ்சேஞ்ச் வாலட்டிலிருந்து 940 யுஎஸ்டிடியை இந்த ட்ரான் முகவரிக்கு அனுப்பினேன். பரிமாற்ற அடையாளம் இது. 'மாதம் 20 சதவீதம் உறுதி' என்று இந்த டெலிகிராம் கணக்கு சொன்னதை நம்பியே அனுப்பினேன். அந்த உரையாடல் இணைப்பு 3."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஒரு பொய்யைச் சொல்லி, அதனால் உங்களைப் பணம் கொடுக்க வைத்தார்கள் என்பதுதான் ஏமாற்றுதல் குற்றத்தின் உயிர். அது இல்லாவிட்டால் "முதலீட்டில் நஷ்டம், சிவில் விவகாரம்" என்று ஒதுக்க வழி கிடைத்துவிடும்.

படி 5: எந்தப் பிரிவு?

கிரிப்டோவுக்கென்று தனிக் குற்றச் சட்டம் இந்தியாவில் இல்லை. இருக்கும் சட்டங்களே போதும் என்பது என் கருத்து. குறை விசாரணை வேகத்தில்தான். பாரதிய நியாய சன்ஹிதா (தண்டனைச் சட்டம்) 318(4) ஏமாற்றிச் சொத்தைப் பறிப்பது: 7 ஆண்டு வரை சிறை, அபராதம். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 319. உங்களுக்காக வைத்திருந்த நாணயத்தைத் தளம் நடத்துபவரே சுருட்டினால் 316, நம்பிக்கை மோசடி. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி (அடையாளத் திருட்டு), 66டி (கணினி வழி ஆள்மாறாட்ட ஏமாற்று) இரண்டும் 3 ஆண்டு வரை சிறை. ஊரில் கூட்டம் போட்டு, "எங்கள் காயினில் போடுங்கள், தினமும் வட்டி" என்று பலரிடம் வசூலித்திருந்தால் தமிழ்நாட்டில் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போங்கள். அங்கே 1997-ஆம் ஆண்டின் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

"நாணயம் ஒரு சொத்தா?" என்ற கேள்வி எழுந்தால், 2025 அக்டோபர் 25-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அளித்த தீர்ப்பைக் காட்டலாம். 2024 ஜூலையில் ஹேக் செய்யப்பட்ட வஜீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் 3,532.30 எக்ஸ்ஆர்பி நாணயம் வைத்திருந்த ஒருவரின் வழக்கு அது. கிரிப்டோ சொத்துதான், ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கையில் வைத்திருக்கக்கூடியதுதான் என்றது தீர்ப்பு. சிவில் வழக்கு என்றாலும் குற்ற வழக்கில் வாதத்துக்கு உதவும்.

படி 6: எஃப்ஐஆர்

"எங்கள் எல்லை இல்லை" என்றால் ஜீரோ எஃப்ஐஆர் (எல்லை பாராமல் எந்த நிலையத்திலும் பதியும் எஃப்ஐஆர்) கேளுங்கள். மின்னஞ்சல் வழியாகவும் புகார் தரலாம்; மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். பதிவு செய்ய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டை அணுகலாம். எல்லாம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்ற நடைமுறைச் சட்டம்) 173-ஆம் பிரிவு. எஃப்ஐஆர் நகல் இலவசம்.

படி 7: முடக்கிய பணத்தை வாங்குவது

பணம் முடங்கியது என்று மெசேஜ் வந்ததும் பலர் ஓய்ந்துவிடுகிறார்கள். அது தானாக உங்கள் கணக்குக்கு வந்துவிடாது. எந்த வங்கியில், எவ்வளவு முடக்கம் என்று விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதை வைத்து, பொதுவாக மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-ஆம் பிரிவில் மனு போடவேண்டியிருக்கும்.

இந்தக் காத்திருப்பில்தான் "பிளாக்செயின் ரெக்கவரி நிபுணர்" ஒருவர் வாட்ஸ்அப்பில் வருவார். உங்கள் தொகை, தேதி எல்லாம் சரியாகச் சொல்வார், ஏனென்றால் உங்கள் விவரம் பழைய கும்பலிடமிருந்து கைமாறியிருக்கலாம், இல்லை அதே கும்பலாகவே இருக்கலாம். முன்பணம் கேட்பார். அவருடைய எண்ணையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இணைப்பு 4 என்று போட்டு அதே அதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள்.