பவர் பேங்க் கணக்கும் 100 மில்லி குழப்பமும்: விமான நிலையச் சோதனைக்குப் பை அடுக்குவது எப்படி

எக்ஸ்ரே பெல்ட்டில் வரிசையாக வந்த பைகளில் என் பை மட்டும் ஓரமாகப் போய் நின்றது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் பெல்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள், நான் ஒற்றைக் காலில் செருப்பை மாட்டியபடி என் பையை வேறொருவர் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு ஒரு பவர் பேங்கை விட்டுவிட்டு வந்தேன். நியாயமாக அது என்னோடு வந்திருக்க வேண்டியது, என் தப்பான கணக்கால்தான் போனது. அதற்குப் பிறகு பை அடுக்குவதை ஒரு வேலையாகவே எடுத்துச் செய்கிறேன். டிக்கெட், அடையாள அட்டை எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: பேட்டரிகளைத் தனியாக எடுத்து வையுங்கள்

பவர் பேங்கும் உதிரி லித்தியம் பேட்டரிகளும் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. சரக்கறையில் தீப்பிடித்தால் உடனே போய் அணைக்க ஆள் இல்லை, கேபினில் பிடித்தால் பணியாளர்கள் தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பார்கள். காரணம் அவ்வளவுதான்.

அளவு எவ்வளவு என்பதில்தான் நான் விழுந்தேன். விதி வாட் அவரில் (பேட்டரியில் உள்ள மொத்த ஆற்றலின் அளவு) பேசுகிறது, பவர் பேங்கின் மேல் பெரிய எழுத்தில் இருப்பதோ எம்ஏஎச் (mAh, அதில் ஏறும் மின்னூட்டத்தின் அளவு). 100 வாட் அவர் வரை பொதுவாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு இரண்டு வரை. 160-க்கு மேல் பயணியின் பையில் இடமே கிடையாது. கணக்கு இப்படி: எம்ஏஎச் எண்ணை வோல்ட்டால் பெருக்கி 1000-ஆல் வகுக்க வேண்டும்.

எந்த வோல்ட்? என்னுடையது 26,800 எம்ஏஎச். லேபிள் பாதி தேய்ந்துபோய், படிக்க முடிந்ததெல்லாம் "அவுட்புட் 5 வோல்ட்" மட்டும். அதிகாரி கேட்டதும் நான் மளமளவென்று 5-ஆல் பெருக்கி 134 என்றேன். நானே என் வாயால் 100-ஐத் தாண்டிவிட்டேன், கையில் ஒப்புதலும் இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், பெருக்க வேண்டியது உள்ளே இருக்கும் செல்லின் வோல்ட்டாம், பெரும்பாலும் 3.7. அப்படிப் போட்டால் 99.16, சட்டப்படி சரியான பேட்டரி! பத்தாயிரம் எம்ஏஎச் என்றால் 37 வாட் அவர், இருபதாயிரம் என்றால் 74. 27,000-ஐத் தாண்டாத வரை பிரச்சினை இல்லை என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

கணக்கு சரியாக வந்தாலும் லேபிள் அழிந்திருந்தால் சந்தேகம்தான், அவர்கள் பார்ப்பது தயாரிப்பாளர் அச்சிட்டதை. அதனால் வாட் அவர் என்றே நேரடியாக அச்சிட்டிருக்கும் பவர் பேங்க்தான் வாங்குவேன், எழுத்தின் மேல் ஒரு துண்டு செல்லோ டேப் ஒட்டிவிடுவேன். உதிரி பேட்டரிகளின் முனைகளிலும் டேப் ஒட்டுங்கள், சாவிக்கொத்தோடு உரசினால் ஷார்ட் ஆகும்.

படி 2: திரவம்

ஊற்ற, தடவ, பிதுக்க, தெளிக்க முடிகிற எதுவும் இங்கே திரவம்தான். பற்பசையும் ஷேவிங் ஃபோமும் கூட. ஒவ்வொன்றும் 100 மில்லி அல்லது அதற்குக் குறைவான குப்பியில், எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர் அளவுள்ள, திறந்து மூடக்கூடிய தெளிவான பையில். 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி அம்பலமான பிறகு வந்த விதி இது, பல நாடுகளில் இன்னும் அப்படியே இருக்கிறது.

பார்ப்பது குப்பியின் அளவை. 200 மில்லி குப்பியின் அடியில் ஒரு ஸ்பூன் ஷாம்பூ மிச்சம் இருந்தாலும் அது 200 மில்லி குப்பிதான். காலி தண்ணீர் பாட்டிலைத் தாராளமாகக் கொண்டு போகலாம், சோதனைக்கு அப்புறம் நிரப்பிக்கொள்ளுங்கள். மருந்தும் குழந்தைக்கான பாலும் பொதுவாக விதிவிலக்கு, ஆனால் அவற்றைப் பைக்குள் ஒளித்து வைக்காமல் முன்பே எடுத்துக் காட்டுங்கள்.

படி 3: எக்ஸ்ரேக்குப் புரிகிற மாதிரி அடுக்குங்கள்

திரையில் காகிதம், உணவு போன்ற கரிமப் பொருட்கள் ஆரஞ்சு, உலோகம் நீலம், இடைப்பட்டவை பச்சை. இது தெரிந்தால் பல விஷயங்கள் புரியும். சாதாரண எக்ஸ்ரே தட்டையான படத்தைத் தருகிறது, லேப்டாப்பின் பேட்டரியும் உலோகமும் தமக்குக் கீழே இருப்பதை மறைத்துவிடும், அதனால்தான் அதைத் தனி ட்ரேயில் வைக்கச் சொல்கிறார்கள். நெருக்கமாக அடுக்கிய தடித்த புத்தகங்கள் ஒரே ஆரஞ்சுக் கட்டியாகத் தெரியும், பையைத் திறக்கச் சொல்ல அதுவே போதும். ஒயர்களைச் சுருட்டிப் பந்தாக்கிப் பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன மாதிரித் தெரியும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இருபது அறை உள்ள "டிராவல் ஆர்கனைசர்" பைகள் எனக்குப் பிடிப்பதில்லை. தேடுபவருக்கும் தொல்லை, நமக்கும் தொல்லை. கண்ணாடி மாதிரி இருக்கும் இரண்டு ஜிப் பை, ஒன்றில் ஒயர், ஒன்றில் திரவம், இரண்டும் கைப்பையின் மேல் பக்கம். முடிந்தது.

சி.டி. ஸ்கேனர் வைத்த இடங்களில் லேப்டாப்பை எடுக்க வேண்டாம் என்று பெரும்பாலும் அவர்களே சொல்வார்கள். அது பையைச் சுற்றிலும் படம் எடுத்து முப்பரிமாணத்தில் காட்டுகிறது, திரையில் இருப்பவர் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

படி 4: நீங்கள் கடப்பது

பாக்கெட்டைக் காலி செய்யுங்கள், முழுக்க. மெட்டல் டிடெக்டர் மட்டும் என்றால் சாவி, நாணயம், பெல்ட் போதும். கையைத் தூக்கி நிற்கச் சொல்லும் பாடி ஸ்கேனர் வேறு ரகம், அதன் மில்லிமீட்டர் அலைகள் துணியைக் கடந்து உடலில் பட்டுத் திரும்புகின்றன, உலோகமே இல்லாவிட்டாலும் உடலின் மேல் ஏதாவது இருந்தால் காட்டிக்கொடுக்கும். மடித்து வைத்த டிஷ்யூ பேப்பருக்காக என்னைத் தடவிப் பார்த்திருக்கிறார்கள். வியர்வை ஊறிய துணிக்கும் சில நேரம் திரையில் கட்டம் விழும். இப்போது புழக்கத்தில் இருப்பவற்றில் திரையில் தெரிவது பொதுவான ஒரு பொம்மை உருவமும் சந்தேக இடத்தில் ஒரு கட்டமும்தான், உங்கள் உடல் தெரியாது. எக்ஸ்ரே மாதிரியான கதிர்வீச்சும் அதில் இல்லை.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வாசலை நெருங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், கையில் பிடிக்கும் கருவியை நெஞ்சுக்கு மேலேயே வைத்திருக்க விடாதீர்கள்.

எதுவும் இல்லாமலே மெட்டல் டிடெக்டர் கத்தினால் பதறாதீர்கள். இடையிடையே யாரையாவது எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று அதிலேயே அமைத்து வைக்க முடியும்.

படி 5: துணித்துண்டு

சில நேரம் ஒரு சின்னத் துண்டால் உங்கள் கையையோ லேப்டாப்பையோ துடைத்து ஒரு இயந்திரத்தில் வைப்பார்கள். அது வெடிபொருளின் நுண்ணிய சுவட்டைத் தேடுகிறது. கிளிசரின் உள்ள கை க்ரீம், தோட்டத்து உரம், இதய நோய்க்கான நைட்ரோகிளிசரின் மருந்து இவையெல்லாம் அதை ஏமாற்றக்கூடும். வரிசையில் நிற்கும்போது க்ரீம் தடவாதீர்கள், மருந்து சாப்பிடுகிறவர் டாக்டர் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னர் சேர்த்தது

இதைப் படித்தவர்கள் கேட்டதில் மூன்று விஷயம் நான் விட்டவை.

ஒன்று, வழியில் விமானம் மாறுபவர்களுக்கு. டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பெரிய குப்பியை அவர்கள் முத்திரையிட்டுத் தரும் பையில் ரசீதோடு அப்படியே வைத்திருங்கள். முகர்ந்து பார்க்கலாமே என்று பிரித்துவிட்டால் அடுத்த சோதனையில் அது வெறும் 100 மில்லிக்கு மேற்பட்ட குப்பி. கேட்டவர் பிரித்துவிட்டுத்தான் கேட்டார், பாவம்.

இரண்டு, காலணி. 2001 டிசம்பரில் ஒருவர் காலணிக்குள் வெடிபொருளோடு விமானம் ஏறிய பிறகுதான் கழற்றும் பழக்கம் பரவியது, அமெரிக்கா 2025 ஜூலையில் அதைக் கைவிட்டது. மற்ற இடங்களில் அங்கே நிற்பவர் சொல்வதுதான் விதி. லேஸ் இல்லாத காலணி போட்டுக்கொண்டு போங்கள், வாதாட வேண்டாம்.

மூன்று, ஃபிலிம் கேமரா வைத்திருப்பவர்கள். கழுவாத ஃபிலிமை சி.டி. ஸ்கேனரில் விட்டால் புகை படிந்த மாதிரி ஆகிவிடும், ஐ.எஸ்.ஓ. (ஒளியை உணரும் திறனின் எண்) குறைவு என்று தைரியப்படாதீர்கள். செக்-இன் பெட்டியில் போடுவதும் சரியில்லை, அங்கேயும் சக்தி வாய்ந்த எக்ஸ்ரே உண்டு. ஃபிலிம் உருளைகளை டப்பாவிலிருந்து எடுத்துத் தெளிவான பையில் போட்டு, கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள். கேமராவுக்குள் பாதி எடுத்த ரோல் இருந்தால் அதைச் சொல்ல மறந்துவிடுவோம், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.