‘மட்ட படகினி’யில் எழுவாய் எது?

இலங்கை மலையகத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் தமிழ், ஹட்டன் டவுனில் சிங்களம், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம். மூன்றையும் கேட்டு வளர்ந்த நமக்கு வாக்கிய அமைப்பை ஆராய்வது சுலபமாக வரவேண்டும். வருவதில்லை. காரணம், நாம் வாக்கியத்தை விட்டுவிட்டு அதன் மொழிபெயர்ப்பைப் பிரித்துக்கொண்டிருப்போம். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் சிங்களத்தில் ‘மட்ட படகினி’ என்கிறார். ‘எனக்குப் பசிக்கிறது’ என்று புரிந்துகொண்டு, இரண்டும் ஒரே அமைப்பு என்று எழுதிவிடுகிறோம். சொல் சொல்லாகப் பாருங்கள். ‘மட்ட’ என்றால் எனக்கு. ‘பட’ வயிறு, ‘கினி’ நெருப்பு. எனக்கு வயிற்று நெருப்பு, அவ்வளவுதான். அங்கே வினையே கிடையாது. தமிழிலோ பசிப்பது வினை. அதனால்தான் மூல வாக்கியத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் நடுவே, ஒவ்வொரு சொல்லுக்கும் உருபுக்கும் பொருள் காட்டும் ஒரு வரி வேண்டும். மொழியியலாளர்கள் பின்பற்றும் லைப்சிக் விதிகள் அந்த வரியை எப்படி எழுதுவது என்றுதான் சொல்கின்றன. சோம்பல்பட்டு அதை விட்டால் மிச்சமெல்லாம் வீண்.

அப்புறம் எழுவாய். செய்பவர்தான் எழுவாய் என்று மனப்பாடம் செய்ததை எல்லா மொழிக்கும் மாட்டிவிடுவது பெரிய வம்பு. ‘குமாருக்குத் தன் தம்பிமேல் கோபம் வந்தது.’ வினை எதோடு இயைகிறது, அதாவது எதற்கேற்ப அதன் வடிவம் அமைகிறது? கோபத்தோடு. குமாருக்குப் பதில் ‘பிள்ளைகளுக்கு’ என்று போட்டாலும் ‘வந்தது’ மாறாது. ஆனால் ‘தன்’ யாரைச் சுட்டுகிறது? குமாரை. வழக்கமாக எழுவாயைத்தானே ‘தன்’ பிடிக்கும்! எழுவாயின் இரண்டு குணங்கள் இரண்டு பெயர்களிடம் பிரிந்து கிடக்கின்றன. இந்தியில் இன்னொரு கூத்து: ‘ராம் நே ரோட்டி காயீ’, ராம் ரொட்டி சாப்பிட்டான். சாப்பிட்டவன் ராம், வினையோ பெண்பாலான ரொட்டியோடு இயைகிறது. ஆகவே ‘எழுவாய் எது’ என்று ஒரே கேள்வியாகக் கேட்காமல், எந்தப் பெயர் எந்தச் சோதனையில் தேறுகிறது என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இலக்கண நூலை மட்டும் நம்புவதும் ஆபத்து. எழுத்துச் சிங்களத்தில் ‘மம யமி’ (நான் போகிறேன்) என்று வினை ‘நான்’ என்பதற்கேற்ப மாறும். கடைத்தெருவில் நான் போனால் ‘மம யனவா’, அவர் போனால் ‘எயா யனவா’. யார் போனாலும் ‘யனவா’தான். எந்த வழக்கை ஆராய்கிறீர்கள் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள்.

சொல்வரிசையை ஒரே வாக்கியத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். சிங்களத்தில் ‘மம கெதர யனவா’ (நான் வீட்டுக்குப் போகிறேன்) சாதாரணப் பேச்சு. வீட்டை அழுத்திச் சொன்னால் ‘மம யன்னே கெதர’. நம்முடைய ‘நான் போறது வீட்டுக்கு’ மாதிரியேதான். வினையின் உருவமும் மாறுகிறது. இதை மட்டும் குறித்துக்கொண்டு போனவர் சிங்களத்தில் வினை நடுவில் வரும் என்று அடித்துச் சொல்வார். சரி, வினை கடைசியில் என்ற ஒற்றுமையைப் பார்த்து சிங்களமும் தமிழும் ஒரே குடும்பம் என்பவர்களும் உண்டு. சிங்களத்தின் உறவு இந்தியோடும் வங்காளத்தோடும். வினை கடைசியில் வருவது ஜப்பானிலும்தான்.

1963இல் மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் 30 மொழிகளை ஒப்பிட்டு, மொழிகளுக்குப் பொதுவான இயல்புகள் என்று 45 பொதுமைகளை வெளியிட்டார். எழுவாய் செயப்படுபொருளுக்கு முன்னால் வரும் என்பது முதலாவது. ஆனால் ‘கிட்டத்தட்ட எப்போதும்’ என்றுதான் எழுதினார். படிப்பவர்கள் அந்த ‘கிட்டத்தட்ட’வை விழுங்கிவிடுவார்கள். பிரேசிலின் ஹிஷ்கர்யானா மொழியில் ‘மனிதன் – பிடித்தது – ஜாகுவார்’ என்ற வரிசையில் ஒரு வாக்கியம் வந்தால், பிடிபட்டவன் மனிதன்.