வகுப்பறையில் போர் விளையாட்டு: நடுவர் செய்யக்கூடாத தவறுகள்

போர் உத்தியைக் கற்பிக்க மாணவர்களை இரண்டு அணியாகப் பிரித்து, வரைபடத்தை விரித்து ஆடவைப்பது நல்ல முறைதான். அதைப் பெரும்பாலும் கெடுப்பவர் நடுவராக நிற்கும் ஆசிரியர்.

பிடிக்காத முடிவை மாற்றுவதுதான் பெரிய தவறு. 1942 மே மாதம் ஜப்பானியக் கடற்படை பசிபிக் கடலில் அமெரிக்கா வசம் இருந்த மிட்வே தீவின் மீதான தாக்குதலை, முன்கூட்டியே யமாட்டோ போர்க்கப்பலில் ஆடிப் பார்த்தது. பகடைக் கணக்குப்படி அகாகி, காகா என்ற இரு விமானந்தாங்கிக் கப்பல்களும் மூழ்கின. ஆட்டத்தை நடத்திய உகாகி, ஒன்பது குண்டுகள் விழுந்ததை மூன்றாகக் குறைத்து அகாகியைக் காப்பாற்றினார். மூழ்கிய காகாவும் அடுத்த கட்ட ஆட்டத்தில் திரும்பி வந்துவிட்டது! ஜூனில் நடந்த நிஜப் போரில் அந்த இரண்டோடு சேர்த்து நான்கு போயின. பகடையைத் திருத்தியதால்தான் தோற்றார்கள் என்பது மிகை. ஆனால் அந்த ஒன்பது குண்டுகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

2002-இல் அமெரிக்கா நடத்திய மில்லேனியம் சேலஞ்ச் என்ற போர்ப் பயிற்சியிலும் இதே கதை. எதிரணித் தலைவர் வான் ரைப்பர், ஒட்டுக்கேட்க முடியாதபடி மோட்டார் சைக்கிளில் ஆளனுப்பி உத்தரவு கொடுத்தார். அவரது திடீர்த் தாக்குதலில் 16 அமெரிக்கக் கப்பல்கள் மூழ்கியதாகக் கணக்கு. அவற்றை மிதக்கவிட்டு, அவர் கையைக் கட்டிவிட்டு, பயிற்சி தொடர்ந்தது. மறுபடி தொடங்குவது குற்றமில்லை, வகுப்பு நேரம் மிச்சமிருந்தால் நீங்களும் தொடங்கலாம். முதல் முடிவைப் பலகையிலிருந்து அழிக்காதீர்கள், அவ்வளவுதான்.

அடுத்து, முடிவு தெரிந்த கதையை அப்படியே கொடுப்பது. கியூபா ஏவுகணை நெருக்கடி (சோவியத் ஒன்றியம் கியூபாவில் அணு ஏவுகணைகளை வைத்ததால் அமெரிக்காவுடன் வந்த மோதல்) என்றதும் மாணவர்கள் 'கடல்வழி முற்றுகை' என்று சொல்லிவிடுவார்கள். 1962 அக்டோபர் 16 அன்று அமெரிக்க அதிபர் கென்னடியைச் சுற்றி இருந்தவர்கள் முதலில் சாய்ந்தது விமானத் தாக்குதல் பக்கம். தீவில் சிறு ரக அணு ஆயுதங்களும் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. அன்று காலை அவர்கள் கையில் இருந்த தகவலை மட்டும் கொடுங்கள். முடிந்தால் நாட்டின் பெயரையும் மாற்றுங்கள்.

விதிகளைக் குவிப்பதும் வேண்டாம். 1824-இல் பிரஷ்யாவில் (பழைய ஜெர்மானிய அரசு) ரைஸ்விட்ஸ் என்ற ராணுவ அதிகாரி வகுத்த போர் விளையாட்டின் அட்டவணைகள் அதிகாரிகளுக்கே சலித்துப்போய், பின்னாளில் நடுவரின் தீர்ப்பை நம்பி ஆடும் முறை வந்தது.

அப்புறம், கலந்துரையாடலுக்கு நேரமே வைக்காமல் மணி அடிக்கும்வரை ஆடுவது. ஒன்றரை மணி நேர வகுப்பில் ஐம்பது நிமிடம் ஆட்டம் போதும். முடிவை அறிவிக்கும் முன், ஏன் அந்த முடிவெடுத்தார்கள் என்று ஒவ்வொருவரும் ஒரு வரி எழுதிவிடட்டும். பேச்சை அந்த வரிகளிலிருந்து தொடங்குங்கள். யார் ஜெயித்தது என்பதைக் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம்.