பழைய அம்பாசடரில் லைட் சுவிட்ச் ஒயர்களைக் கண்டுபிடிப்பது எப்படி

டேஷ்போர்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் எல்லா ஒயரும் ஒரே அழுக்கு நிறத்தில் இருக்கும், போதாததற்குப் பாதி ஒயரை எந்தக் காலத்திலோ யாரோ வெட்டிக் கையில் கிடைத்த நிறத்தில் ஒட்டுப்போட்டிருப்பார்கள். எங்கள் வண்டியும் அப்படித்தான். சுவிட்சை மாற்றலாம் என்று திறந்தால் எது எங்கே போகிறது என்றே தெரியவில்லை. கடைசியில் வேலைக்கு ஆன முறையை எழுதுகிறேன்.

முதலில் பேட்டரியின் எர்த் பக்கத்தை (பாடிக்குப் போகும் முனையை) கழற்றுங்கள். எர்த் பக்கம்தான் முதலில், ஏனென்றால் மறுபக்கத்தைக் கழற்றும்போது ஸ்பானர் பாடியில் பட்டால் நேராக ஷார்ட். அப்புறம் சுவிட்சை வெளியே இழுத்து, ஒரு ஒயரையும் தொடுவதற்கு முன்னால் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு ஒயருக்கும் மாஸ்கிங் டேப்பில் நம்பர் எழுதி ஒட்டிவிட்டுக் கழற்றுங்கள். கறுப்பு இன்சுலேஷன் டேப் வேண்டாம், வெயிலில் இளகிப் பிசுபிசுவென்று ஆகிவிடும்.

நிறம் ஒரு துப்பு, அவ்வளவுதான். அம்பாசடர் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 என்ற பிரிட்டிஷ் காரிலிருந்து வந்த வண்டி என்பதால் ஒயரிங் பிரிட்டிஷ் லூகாஸ் கம்பெனியின் நிற முறையை ஒட்டியது. பிரவுன் என்றால் பேட்டரியிலிருந்து வரும் நேர் சப்ளை. சிவப்பு பார்க்கிங் லைட்டுக்கும் பின்னால் டேஞ்சர் லைட்டுக்கும். நீலம் சுவிட்சிலிருந்து டிம்-பிரைட் சுவிட்சுக்கு, அங்கிருந்து நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட்டுக்கு, நீலத்தில் சிவப்புக் கோடு டிம்முக்கு. கறுப்பு எர்த். நிறம் மங்கியிருந்தால் ஒயர்க் கட்டின் மேல் சுற்றிய டேப்பைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள், உள்ளே வெயில் படாத இடத்தில் அசல் நிறம் இருக்கும்.

சரி, இப்போது சப்ளை ஒயர். கழற்றிய முனைகள் எதிலும் படாமல் விலக்கி வைத்துவிட்டு பேட்டரியை மாட்டுங்கள். டெஸ்ட் லைட்டின் கிளிப்பைப் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டி ஒவ்வொரு ஒயராகத் தொடுங்கள். எரிவதுதான் சப்ளை. எல்.இ.டி. டெஸ்டர் வாங்காதீர்கள். பழைய இண்டிகேட்டர் பல்பு 21 வாட், இரண்டு ஒயர், ஒரு கிளிப் போதும். உள்ளே அரித்து ஒரே ஒரு இழையில் தொங்கும் ஒயரிலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டும், எல்.இ.டி.யும் எரியும், பல்போ மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி வெளியே போகும் ஒயர்கள். மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, ஒரு முனையைப் பாடியிலும் இன்னொன்றை ஒயரிலும் வைத்தால் ஏறக்குறைய எல்லாமே பீப் அடிக்கும், எல்லாம் ஷார்ட் என்று நினைத்து ஒயரிங்கையே பிடுங்கத் தோன்றும். ஷார்ட் எதுவும் இல்லை. 60/55 வாட் ஹெட்லைட் பல்பின் இழைக்குக் குளிர்ந்த நிலையில் ஒரு ஓம் கூட இருக்காது, அதனால் பல்பு வழியாகவே எர்த் தெரிகிறது. எல்லாப் பல்பையும் கழற்றினால் சரியாகும்தான், ஆனால் நம்பர் பிளேட் பல்பையும் மீட்டருக்குள் இருக்கும் குட்டி பல்பையும் யார் ஞாபகம் வைத்துக் கழற்றுவது?

அதனால் பீப்பை விட்டுவிடுங்கள். ஒரு துண்டு ஒயரின் நடுவே பியூஸ் போட்டு, சப்ளையிலிருந்து ஒவ்வொரு ஒயரையும் தொட்டு எந்த லைட் எரிகிறது என்று பாருங்கள். முதலில் 5 ஆம்பியர். அது போனால் உடனே ஷார்ட் என்று முடிவு கட்டாதீர்கள், இரண்டு ஹெட்லைட்டும் டிம்மிலேயே 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 15 ஆம்பியர் போட்டுப் பாருங்கள், அதுவும் போனால்தான் ஷார்ட். ஒரு ஆள் வெளியே நின்று பார்த்துச் சொன்னால் வேலை பாதியாகும்.

டிம்-பிரைட் சுவிட்ச் பழைய வண்டிகளில் காலடியில் இருக்கும், செருப்போடு வரும் மண்ணும் மழைத் தண்ணீரும் அங்கேதான் சேரும். டிம், பிரைட் இரண்டுமே இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் டேஷ்போர்டு பக்கம் அல்லது நீல ஒயரில். ஒன்று மட்டும் இல்லை என்றால் முதலில் காலடி சுவிட்ச். ஒரு பக்க விளக்கு மட்டும் என்றால் பல்பு அல்லது அதன் எர்த். எர்த் விட்டுப்போனால் வேடிக்கை காட்டும்: பிரைட் போட்டால் அந்தப் பக்க பல்பில் இரண்டு இழையும் மங்கலாக மினுங்கும், கரண்ட் டிம் ஒயர் வழியாகத் திரும்பி மறுபக்க பல்பில் எர்த் தேடிப் போவதால் வருவது அது. சுவிட்சைக் குறை சொல்லாமல் எர்த் போல்ட்டைச் சுரண்டுங்கள்.

எல்லாம் மாட்டியபின் ஹெட்லைட்டை எரியவிட்டு, சுவிட்சின் சப்ளை முனைக்கும் ஹெட்லைட் முனைக்கும் இடையே வோல்ட் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் உள்ளே கான்டாக்ட் கருகியிருக்கிறது, புதுசு போடுங்கள். கையோடு ரிலேயும் (சுவிட்சின் சின்ன கரண்ட்டில் இயங்கி விளக்கின் பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) போட்டால் நல்லது, அதன் முனைகளில் நம்பர் இருக்கும்: பியூஸ் வழியாக பேட்டரி 30-இல், விளக்கு 87-இல், சுவிட்ச் ஒயர் 86-இல், எர்த் 85-இல். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், எல்.இ.டி. பல்பு போட்டும் பார்க்கிங் லைட் எரியவில்லை, மீட்டரில் மைனஸ் காட்டுகிறது என்று எழுதியிருந்தார். டைனமோ காலத்து வண்டி என்றால் பாசிட்டிவ் எர்த்தாக (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில்) இருக்கலாம், பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பாருங்கள். சாதாரண பல்புக்கு இது ஒரு பொருட்டே இல்லை, மேலே சொன்ன சோதனைகளும் அப்படியே பொருந்தும். ஆனால் பெரும்பாலான எல்.இ.டி. பல்பு எரியாது, அதற்காக பேட்டரியைத் திருப்பி மாட்டிவிடாதீர்கள், டைனமோ கெட்டுப்போகலாம்.