மர்மத் தொடரை விவாதிப்பது எப்படி: நோக்கத்துக்கு ஒரு சாட்சி, தாக்கத்துக்கு வேறொரு சாட்சி

போயா விடுமுறையன்று வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நான்கைந்து பேர் கூடி ஒரு மர்மத் தொடரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், பேச்சு பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் வந்து நிற்கும். அந்தப் பாத்திரம் ஏன் அப்படிச் செய்தது என்பது ஒன்று. இதையெல்லாம் எங்கிருந்து எடுத்தார்கள், அதாவது எதன் தாக்கம் இதில் இருக்கிறது என்பது மற்றது. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பதால், ஒரே வகையான பதிலே இரண்டுக்கும் போதும் என்று தோன்றிவிடுகிறது. ஆனால் முதற்கேள்விக்கான சாட்சியம் கதைக்குள்ளே இருக்க வேண்டும். இரண்டாவதற்கான சாட்சியம் கதைக்கு வெளியே இருக்க வேண்டும். கூடியிருப்போர் இதைத் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டால் சச்சரவில் பாதி எழவே எழாது.

எந்தப் பகுதிவரை பேசலாம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எல்லோரிலும் குறைவாகப் பார்த்தவர் எங்கே நிற்கிறாரோ அதுவே எல்லை. (இக்கட்டுரையின் பிற்பகுதியில் ‘ட்வின் பீக்ஸ்’ தொடரின் கொலையாளி யார் என்பது சொல்லப்படுகிறது, அறிய விரும்பாதவர்கள் அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.)

ஒரு பாத்திரத்தின் நோக்கத்தை ஆராயும்போது, அது என்ன சொன்னது என்பதைவிட அந்தக் கணத்தில் அதற்கு என்ன தெரிந்திருந்தது என்பதையே முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். பார்வையாளருக்குத் தெரிந்ததும் பாத்திரத்துக்குத் தெரிந்ததும் ஒன்றல்ல. மர்மத் தொடர் இயங்குவதே இந்த இடைவெளியில்தான். ஒரு கொப்பியில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கத்தில் காட்சியையும் நிமிடத்தையும், வலப்பக்கத்தில் அக்காட்சியில் இருப்பவர்களுள் எவருக்கு எந்தச் செய்தி எட்டியிருக்கிறது என்பதையும் குறித்துவாருங்கள். 2022 யூன் மாதம் வெளியான, புஷ்கர், காயத்ரி இருவரும் உருவாக்கிய ‘சுழல்’ தொடரை எடுத்துக்கொள்வோம். சாம்பலூர் என்ற கற்பனை ஊரில் சீமெந்துத் தொழிற்சாலை எரிகிறது. தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமற்போகிறாள். சண்முகத்தோடு பகையுள்ள பொலிஸ் அதிகாரி ரெஜினாவின் மகனும் இந்த விவகாரத்துக்குள் வந்துவிடுகிறான். ரெஜினாவின் ஒவ்வொரு செயலுக்கும் பழைய பகையா, பதவியா, தாய்மையா காரணம் என்று வாதிடுவது எளிது. ஆனால் தம் மகனைப் பற்றி அவர் அறிந்துகொண்ட காட்சிக்கு முன் அவர் செய்த எதற்கும் தாய்மையைக் காரணமாகக் காட்ட முடியாது. வலப்பக்கக் குறிப்பு இருந்தால் இந்த வாதம் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். இல்லாவிட்டால், யாருடைய குரல் உயர்ந்ததோ அவரே வென்றவராவார்.

அடுத்ததாக, ‘இதுதான் அவரது நோக்கம்’ என்று சொல்பவரிடம், அவர் வேறுவிதமாக நடந்திருக்கக்கூடிய ஒரு காட்சியைக் காட்டும்படி கேளுங்கள். இரண்டு வழிகள் திறந்திருக்க, ஒன்றை விட்டு மற்றதைப் பாத்திரம் தெரிந்தெடுக்கும் இடத்தில்தான் நோக்கம் வெளிப்படுகிறது. வேறு வழியே இல்லாத நிலையில் செய்த செயலிலிருந்து எந்த நோக்கத்தையும் நிறுவ முடியாது. அழுகையும் இதே வகையைச் சேர்ந்ததுதான். அழுகிறவர் குற்றமற்றவர் என்று நம்மில் பலர் எளிதாக நம்பிவிடுகிறோம். திரைக்கதை எழுதுகிறவர்கள் அந்த நம்பிக்கையை நன்றாக அறிந்தவர்கள்.

கொழும்பில் இருந்து பார்க்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. பொலிஸ் சீருடை திரையில் தோன்றியதுமே அந்தப் பாத்திரம் எதையோ மறைக்கிறது என்று முடிவெடுக்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. சோதனைச் சாவடிகளையும் பொலிஸ் பதிவுகளையும் கண்டு வளர்ந்த ஒருவருக்கு அந்த ஐயம் நியாயமானதே. ஆனால் அது பார்வையாளரின் வரலாறேயன்றிப் பாத்திரத்தின் நோக்கம் ஆகாது. அவ்வாறே, தோட்டத் தொழிற்சங்க அரசியலை வீட்டுப் பேச்சாகக் கேட்டு வளர்ந்த மலையகத்தவர் ஒருவர் சண்முகத்தைப் பார்க்கும் விதம் வேறு, அதை நாளிதழில் மட்டும் வாசித்தவர் பார்க்கும் விதம் வேறு. இந்த வேறுபாடுகளை ஒளிக்க வேண்டாம். ‘இது எனக்குப் படுகிறது’ என்பதையும் ‘இது காட்சியில் இருக்கிறது’ என்பதையும் பிரித்துச் சொன்னால், அந்த வேறுபாடே விவாதத்துக்குச் சுவை சேர்க்கும்.

தாக்கத்தைப் பற்றிய கேள்விக்கு வருவோம். ‘சுழல்’ கதையின் ஊடாக மயானக் கொள்ளைத் திருவிழா செல்கிறது. இது வட தமிழ்நாட்டில், குறிப்பாக மேல்மலையனூரில், மாசி மாதம் மகா சிவராத்திரியை அடுத்து அங்காளம்மனுக்கு எடுக்கப்படும் விழா. சிவனின் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்ம கபாலத்தை, மயானத்தில் சோற்றை இறைத்துக் கீழிறங்கச் செய்து அம்மன் மிதித்து அடக்கினாள் என்பது அதன் கதை. பக்தர்கள் அம்மன் வேடமிட்டு மயானத்துக்கே செல்வார்கள். வெள்ளவத்தை மயூரபதி அம்மன் கோயிலில் ஆடிப்பூரப் பாற்குடம் பார்த்த பழக்கத்தை வைத்து இதை எடைபோடக்கூடாது. விழாவின் கதையைத் தனியே படித்துவிட்டு வந்து, ஊருக்குள் ஒட்டிக்கொண்டு விடாத கேடு ஒன்றை வெளியே வரவழைக்கும் கதைக்கு இவ்விழாவை ஏன் தெரிந்தார்கள் என்று கேட்டால், அது பேசத் தகுந்த கேள்வி. ‘சும்மா வண்ணத்துக்காகச் சேர்த்திருக்கிறார்கள்’ என்று சொல்லிவிடுவது சோம்பல்.

‘அந்தத் தொடரைப் பார்த்து எடுத்தது’ என்ற குற்றச்சாட்டுக்கு இன்னும் கடுமையான அளவுகோல் வேண்டும். சிற்றூர், காணாமற்போன இளம்பெண், எல்லோரிடமும் ஓர் இரகசியம் என்ற ஒற்றுமைகள் இவ்வகைக் கதைகளின் பொதுச் சொத்து. அவற்றால் எதுவும் நிறுவப்படாது. பெயர்போன்ற தடயங்கள் அதைவிட வலுவானவை. டேவிட் லிஞ்ச், மார்க் ஃப்ரொஸ்ட் இருவரும் உருவாக்கி 1990இல் ஒளிபரப்பான ‘ட்வின் பீக்ஸ்’ தொடரில், கொலையுண்ட லோராவின் தோற்றத்திலேயே அவளது ஒன்றுவிட்ட சகோதரி மெடலின் ஃபேர்கசன் வருகிறாள். இரு வேடங்களையும் ஒரே நடிகை ஏற்றார். ஹிட்ச்கொக்கின் 1958ஆம் ஆண்டுத் திரைப்படமான ‘வேர்ட்டிகோ’வில் இரு பெண்களாகத் தோன்றும் ஒருத்தியின் பெயர் மெடலின், அவளைப் பின்தொடரும் துப்பறிவாளரின் குடும்பப் பெயர் ஃபேர்கசன். பெயரும் சூழலும் சேர்ந்து பொருந்தும்போது தற்செயல் என்று ஒதுக்க முடியாது. எல்லாவற்றிலும் வலுவானது படைத்தவரின் வாக்குமூலம்: 1908இல் நியூயோர்க் மாநிலத்தில் குளமொன்றில் சடலமாகக் கிடைத்த ஹேசல் ட்ரூ என்ற பெண்ணின் கதையைத் தம் பாட்டி சொல்லக் கேட்டதாக ஃப்ரொஸ்டே கூறியிருக்கிறார்.

இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று மோதும் இடத்தையும் இதே தொடர் காட்டுகிறது. லோராவைக் கொன்றவர் அவளது தந்தை லீலண்ட். அவருக்குள் புகுந்திருப்பதாகக் காட்டப்படும் தீய உரு பொப். பொப் வேடத்தில் வந்த ஃப்ராங்க் சில்வா நடிகரல்லர், படப்பிடிப்புத் தளத்தில் அறைகளை அலங்கரித்தவர். முதற்பகுதியின் படப்பிடிப்பில் அவரது உருவம் தற்செயலாகக் கண்ணாடியில் விழுந்தது. லிஞ்ச் அதை நீக்காமல் வைத்துக்கொண்டார். இந்தச் செய்தியை அறிந்ததும், ‘அப்படியானால் பொப் வெறும் விபத்து, அதற்குப் பொருள் தேடாதீர்கள்’ என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அவரை அங்கேயே நிறுத்துங்கள். ஓர் உருவம் எப்படிக் கதைக்குள் வந்தது என்பது வெளிச் செய்தி. வந்தபின் கதை அதை என்ன செய்தது என்பதே நோக்கத்துக்கான சாட்சி. சிறுவயதில் தாமே அவனை உள்ளே வரவிட்டதாக லீலண்ட் இறக்கும்முன் சொல்வது ஒரு பக்கம். பொப் என்பது மனிதர் செய்யும் தீமைக்கே இன்னொரு பெயராக இருக்கலாம் என்று விசாரணையாளர் ஒருவர் கருதுவது மறுபக்கம். தந்தையே அவன் என்று லோரா கண்டுகொள்வதை இத்தொடரையொட்டி 1992இல் வெளியான திரைப்படம் காட்டுவது இன்னொன்று. தந்தையின் பொறுப்பைக் கதை தள்ளுபடி செய்யவில்லை என்பதே என் எண்ணம். மறுப்பவர் இம்மூன்றையும் எதிர்கொண்டு மறுக்க வேண்டும்.

கடைசியாக, புதிய சீசன் வரும்போது பழைய தீர்ப்புகளை என்ன செய்வது என்பதையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ‘சுழல்’ இரண்டாம் சீசன் 2025 பெப்ரவரியில் வந்தது; ‘ட்வின் பீக்ஸ்’ 2017இல் மீண்டும் வந்தது. பின்னால் வந்த செய்தியைக்கொண்டு முன்னைய நோக்கத்தைத் திருத்தலாம். ஆனால் அச்செய்தி முன்னைய காட்சிகளில் ஒன்றோடாவது பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால், எழுதியவர்கள் மனம் மாறினார்கள் என்று குறித்துக்கொண்டு, பாத்திரத்தைப் பற்றிய பழைய குறிப்பை அப்படியே விட்டுவிடுங்கள்.