பயண நல்கை: அந்தப் பக்கம் யார் காத்திருக்கிறார்?

புதுச்சேரியில் நான் வேலை பார்த்த கல்லூரியில், வெளிநாட்டுப் பயண நல்கை (நிதியுதவி) விண்ணப்பங்களைப் படிக்கும் உள் குழுவில் சில ஆண்டுகள் இருந்தேன். படிவத்தில் ‘பயணத்தின் நோக்கம்’ என்றொரு கட்டம் உண்டு. வேதியியல்காரர் அதில் ‘பன்னாட்டுக் கல்வி ஒத்துழைப்பை மேம்படுத்துதல்’ என்று எழுதியிருப்பார். வரலாற்றுக்காரரும் அதையே எழுதியிருப்பார். ஒருமுறை குழுவிலிருந்த நிதி அலுவலர், ஆய்வுகள் எதையும் படித்தறியாத மனிதர், அந்தக் கட்டத்தை விரலால் தட்டிவிட்டுக் கேட்டார்: “அங்கே போய் இறங்கியதும் இவருக்காக யார் காத்திருக்கிறார்?” நேர்காணலுக்கு வந்திருந்தவர் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னார். “பல்கலைக்கழகம் காத்திருக்காது சார், ஆள்தான் காத்திருப்பார்” என்றார் அலுவலர்.

அதன் பிறகு எந்த விண்ணப்பத்தைப் படித்தாலும் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டுப் பார்ப்பேன். நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் அதற்குப் பதில் இல்லாததால் விளைந்தவை.

கடிதம் உண்டு, ஆள் இல்லை

அழைப்புக் கடிதம் இணைத்துவிட்டால் போதும் என்று நம்புகிறவர்கள் நிறைய. ‘தங்கள் வருகையை மகிழ்ச்சியுடன் எதிர்நோக்குகிறோம்’ என்ற இரண்டு வரிக் கடிதத்தை எந்தத் துறை அலுவலகமும் யாருக்கும் அனுப்பும். தேர்வுக் குழுவில் இருப்பவர்களும் அப்படிப்பட்ட கடிதங்களை மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்தவர்கள்தான். அதன் எடை அவர்களுக்குத் தெரியும். எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எந்த ஆய்வகத்தில் அல்லது ஆவணக் காப்பகத்தில், யாரோடு, எந்த வேலை, இருக்கையும் இணைய வசதியும் யார் பொறுப்பு என்று சொல்லும் கடிதம் வேறு சாதி. அதை வாங்க வேண்டுமானால் எழுதுகிறவருக்கு உங்களை ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும்.

எனவே விண்ணப்பத்துக்கு முன்பே ஒரு சிறு வேலையைச் சேர்ந்து செய்துவிடுங்கள். இரண்டு துறை மாணவர்களுக்கும் காணொளியில் ஒரு பொது வகுப்பு, ஒரு தரவுத் தொகுப்பை இருவரும் சரிபார்ப்பது, ஒரு நூல்விவரப் பட்டியல், எதுவானாலும் சரி. ‘கடந்த ஆறு மாதமாக இதைச் செய்திருக்கிறோம், இந்த இடத்தில் நிற்கிறது, நேரில் இருந்தால்தான் நகரும்’ என்று எழுதக் கூடியவருக்கு மற்ற பத்திகள் தாமாகவே வரும்.

இங்கே என் தவறையும் சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலில் எழுதிய விண்ணப்பத்தில் 12 நாளில் மூன்று நாடுகள், ஐந்து பல்கலைக்கழகங்கள். கும்பகோணத்திலிருந்து ஒரே நாளில் ஒன்பது கோயிலையும் சுற்றிக் காட்டும் நவக்கிரக டூர் போல இருந்தது அது. ஒவ்வோர் ஊரிலும் ஒரு தேநீர், ஒரு குழுப்படம், ஒரு சால்வை. நிராகரித்தார்கள். கோபப்பட்டேன். இன்று அதே தாள் என் மேசைக்கு வந்தால் நானும் நிராகரிப்பேன். ஓர் ஊர், ஒரு துறை, பத்து நாள் என்று கேட்பவருக்கே பணம் கிடைக்க வாய்ப்பு அதிகம். கிடைத்தால் வேலையும் நடக்கும்.

பக்கத்து வீதியைப் பார்க்காதது

புதுச்சேரிக்காரர்கள் செய்யும் தவறு என்றே இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாரிஸில் யாரையாவது பிடிக்க முடியுமா என்று இரவெல்லாம் மின்னஞ்சல் எழுதுவார்கள். செயின்ட் லூயி வீதியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நூலகத்துக்குள் ஒரு நாள்கூட நுழைந்திருக்க மாட்டார்கள். சூழலியல், இந்தியவியல், சமூக அறிவியல் என்று அங்கே ஆய்வு நடக்கிறது. துமாஸ் வீதியில், ஆசிய நாகரிகங்களை ஆராயும் தூரக்கிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியின் மையம் இருக்கிறது. இந்த இரண்டு நிறுவனங்களிலும் சேர்ந்து உள்ள ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. அந்தச் சுவடிகளுக்காகக் கடல் தாண்டி வருகிறார்கள். நாம் டிக்கெட்டுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கும் வாரத்தில், நாம் தேடும் ஆள் கடற்கரைச் சாலையில் மாலை நடை போய்க்கொண்டிருக்கலாம். ஒரு காபிக்கு அழைக்க எந்த நல்கையும் வேண்டியதில்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு குறை: ‘அங்கே என்ன கற்றுக்கொள்வேன்’ என்று இரண்டு பக்கம் எழுதுபவர்கள், ‘இங்கிருந்து என்ன கொண்டுபோகிறேன்’ என்று ஒரு வரிகூட எழுதுவதில்லை. கூட்டாளி என்றால் இரண்டு பக்கமும் கை வைக்க வேண்டும் அல்லவா? நம்மிடம் இல்லாததா! வெள்ளாற்று முகத்துவாரத்தில் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. சற்றுத் தள்ளி பிச்சாவரம் அலையாத்திக் காடு. 2004 சுனாமியையும், 2011 டிசம்பர் 30-இல் கரையைக் கடந்த தானே புயலையும் நேரில் வாங்கிய கடற்கரை நம்முடையது. துறைமுகத்தின் அலைத்தடுப்புகள் வந்தபின் புதுச்சேரி நகரக் கடற்கரை மணலை இழந்ததை இங்கே இருப்பவர்கள் கண்ணால் பார்த்தார்கள்; கரையோர அரிப்பை ஆராயும் எவருக்கும் அது ஒரு பாடம். நெதர்லாந்துக்காரரிடம் போய்க் கடலரிப்பைக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று மட்டும் எழுதினால், கையில் இருப்பதை மறைத்துவிட்டுக் கடன் கேட்பது போலாகும்.

ஆனால் ‘கொண்டுபோகிறேன்’ என்றவுடன் அலையாத்திச் சேற்றை டப்பாவில் அடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல. நல்லெண்ணத்தோடு அப்படிச் செய்யப் புறப்பட்டவர்களைத் தடுத்திருக்கிறேன். உயிரியல் வளங்களையும், அவற்றின் மீதான ஆய்வு முடிவுகளையும் வெளிநாட்டாருக்குக் கொடுப்பதை 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அனுமதி தரும் தேசிய உயிரியல் பன்மய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. அரசின் வழிகாட்டுதலுக்கு உட்பட்ட கூட்டு ஆய்வுத் திட்டங்களுக்குச் சட்டத்தில் தனி வழி உண்டு, ஆனால் அந்தத் தகுதி தாளில் இருக்க வேண்டும், நம் மனத்தில் இருந்தால் போதாது. மருத்துவத் துறையினர் வெளிநாட்டுக் கூட்டாய்வுக்குச் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவைத் தாண்டிப் போக வேண்டும். தாத்தா வீட்டுப் பரணில் கிடந்த ஏட்டுச்சுவடியைப் பரிசாகக் கொண்டுபோக நினைக்கும் தமிழ்த் துறையினருக்கும் ஒரு சொல்: 75 ஆண்டுக்கு மேற்பட்ட, இலக்கிய, வரலாற்று மதிப்புள்ள சுவடி 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது.

வேறு வாசலில் வரிசையில் நிற்பது

ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு நோக்கம் இருக்கிறது. பெயரில் ‘பன்னாட்டு’ என்று இருப்பதால் எல்லாம் ஒன்றாகிவிடாது. கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கத் தரும் பயண உதவியில் போய் ‘ஒப்பந்தப் பேச்சுவார்த்தை’ என்று எழுதினால் முதல் சல்லடையிலேயே விழும். மத்திய அரசு 2015-இல் தொடங்கிய ‘ஞான்’ திட்டம் வெளிநாட்டுப் பேராசிரியரை இங்கே வரவழைத்துப் பாடம் நடத்தச் சொல்வது, நம்மை அனுப்புவதற்கல்ல. 2018-இல் வந்த ‘ஸ்பார்க்’ இரு பக்கப் போக்குவரத்துக்கானது, ஆனால் கூட்டு ஆய்வுத் திட்டத்தோடு வர வேண்டும். சி.வி. ராமன், ஜார்ஜ் ஷர்பாக் ஆகிய இரு நோபல் அறிஞர்களின் பெயரில் இந்திய-பிரெஞ்சு மையம் தரும் உதவித்தொகை முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கானது. துறைத்தலைவர் அதற்கு ஆசைப்படக் கூடாது, மாணவரை அனுப்பிவைக்கலாம். சொல்லப்போனால், துறைத்தலைவர் பத்து நாள் போய் வருவதைவிட மாணவர் மூன்று மாதம் போய் வருவதில்தான் உறவு நிலைக்கிறது என்பது என் கட்சி.

ஐரோப்பிய ஒன்றியத்தின் கல்விப் பரிமாற்றத் திட்டமான ‘எராஸ்மஸ்’ விஷயத்தில் குழப்பம் அதிகம். பேராசிரியர், மாணவர் பரிமாற்றத்துக்கான அதன் நிதிக்கு விண்ணப்பிப்பது ஐரோப்பியப் பல்கலைக்கழகம்தான். நாம் பிரஸ்ஸல்ஸுக்குக் கடிதம் எழுதிக் காத்திருப்பதில் பயனில்லை. இரு நிறுவனங்களுக்கும் இடையே ஒப்பந்தம் முதலில் வேண்டும். பாடம் நடத்தப் போகிறவர் வாரத்துக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு அதைத் தெரிந்துகொண்டு, இரவோடு இரவாகப் பாடம் தயாரித்தவர் ஒருவரை அறிவேன்.

புரிந்துணர்வு ஒப்பந்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. கையெழுத்தான நாளில் எடுத்த படத்தைத் தவிர வேறெதுவும் நடக்காத ஒப்பந்தங்கள் எத்தனை பீரோக்களில் தூங்குகின்றன என்பது பதிவாளர் அலுவலகங்களுக்குத் தெரியும். ஒன்று மட்டும்: பேச்சு வேகத்தில் ‘கூட்டுப் பட்டம் தருவோம்’ என்று வாக்களித்துவிட்டு வராதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி, உயர்கல்வித் தர அமைப்பான நாக்கின் மதிப்பீட்டில் குறைந்தது 3.01 பெற்ற நிறுவனமோ, தேசியத் தரவரிசையில் முதல் நூறு பல்கலைக்கழகங்களில் ஒன்றோ, அரசு ‘உயர்புகழ் நிறுவனம்’ என்று அறிவித்த ஒன்றோ தான் அந்தக் கதவைத் தனி அனுமதி கேட்காமல் திறக்க முடியும். எதிர்ப்பக்கமும் உலகத் தரவரிசையில் முதல் ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும்.

பணமும் தாளும்

பெரும்பாலான நல்கைகள் போய் வந்தபின் பில் காட்டித்தான் கிடைக்கும். முன்பணம் உண்டா, எத்தனை விழுக்காடு என்று கேட்காமல் கிளம்பி, கடன் அட்டை வட்டியில் முழித்த இளம் ஆசிரியர்கள் உண்டு. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மத்திய அரசின் பயண விதிகளுக்கு உட்பட்ட நிறுவனம் என்றால், எந்த இணையதளத்தில் மலிவோ அங்கே டிக்கெட் எடுத்துவிட முடியாது. செலவினத் துறையின் 2022 ஜூன் உத்தரவுப்படி பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. ஆகிய மூன்று பயண முகமைகளில் ஒன்றின் வழியாக, தகுதியுள்ள வகுப்பில் இருப்பதிலேயே குறைந்த கட்டணத்தில், முடிந்தவரை 21 நாளுக்கு முன்பே எடுக்க வேண்டும். ‘நூறு ரூபாய் மிச்சம் பிடித்தேனே’ என்று தணிக்கையில் வாதாடி வென்றவர் இல்லை.

தங்குமிடமும் சாப்பாடும் அழைப்பவர் செலவு என்று வந்தால் மகிழ்ச்சியில் ஒன்றை மறந்துவிடுகிறோம். அரசு ஊழியரோ, அரசுக்குச் சொந்தமான அல்லது அரசுக் கட்டுப்பாட்டிலுள்ள அமைப்பின் ஊழியரோ வெளிநாட்டு விருந்தோம்பலை ஏற்க, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010-இன் 6-ஆம் பிரிவின்படி மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். அதற்கான இணைய விண்ணப்பம் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பாவது போய்ச் சேர வேண்டும். ‘சாப்பாடு போட்டதற்கு அனுமதியா?’ என்று சிரிப்பவர்களை ஓய்வூதியக் கோப்பு நகரும் நாளில் பார்க்க வேண்டும்.

விசாவைக் கடைசியில் வைக்காதீர்கள். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; 15 நாளாவது முன்பு கட்டாயம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஆய்வுக்கோ அறிவியல் கருத்தரங்குக்கோ போகும் ஆராய்ச்சியாளருக்கு விசாக் கட்டண விலக்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. விசா மையத்தின் சேவைக் கட்டணத்தை மட்டும் கட்ட வேண்டியிருக்கும். விலக்கை அவர்களாக நினைவூட்ட மாட்டார்கள், அழைப்புக் கடிதத்தைக் காட்டி நாம்தான் கேட்க வேண்டும்.

தேதியில் கோட்டைவிடுபவர்களும் உண்டு. ஆகஸ்டில் பிரான்சுக்குப் போனால் துறைக் கதவில் பூட்டைத்தான் பார்க்கலாம். ஊரே விடுமுறையில் இருக்கும். நமக்கு வசதியான மே மாதம் பலருக்குத் தேர்வுக் காலம். பொங்கல் விடுமுறையில் போய் வந்துவிடலாம் என்று கணக்குப் போடும் முன் அவர்களுடைய நாட்காட்டியைக் கேளுங்கள்.

இன்னொன்று. யாரென்றே தெரியாத ‘உலக மாநாடு’ ஒன்றிலிருந்து, உங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாத தலைப்பில், உங்களைச் சிறப்புப் பேச்சாளராக அழைத்து, பதிவுக் கட்டணத்தை முதலில் கட்டச் சொல்லி மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். விடுதி அரங்கில் பத்துப் பேர் தங்களுக்குள் கைதட்டிக்கொள்ளும் கூட்டம் அது.

திரும்பிய பிறகு

போர்டிங் பாஸைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பயணப்படி கேட்பது, காலாப்பட்டிலிருந்து மீனம்பாக்கம் போன டாக்ஸிக்கு ரசீது வாங்காதது, பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவது: இவையெல்லாம் சிறு தவறுகள், ஆனால் துறையின் அடுத்த விண்ணப்பத்தை முடக்கும் சிறு தவறுகள். அவற்றைவிட எனக்கு உறுத்துவது, வந்த இரண்டு வாரத்துக்குள் அந்தப் பக்கத்துக்கு ஒரு கடிதம்கூட எழுதாமல் இருப்பது. பேசியது என்ன, யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வதாகச் சொன்னோம் என்று ஒரு பக்கம். ஜெட் களைப்பு தீர்வதற்குள் எழுதிவிட வேண்டும். பிறகு செமஸ்டர் தேர்வு வரும், விடைத்தாள் வரும், எல்லாம் மறந்துபோகும்.

பதிலுக்கு அவரை இங்கே அழைக்கும்போது அதே தவறுகள் திசை மாறி வருகின்றன. சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லாதீர்கள். கருத்தரங்குக்குக் கருத்தரங்க விசா, ஆய்வுக்கு ஆய்வு விசா என்று தனித்தனியே உண்டு. டிசம்பர் கடைசி வாரத்தில் அழைத்தால் புத்தாண்டுக் கூட்டத்தில் புதுச்சேரியில் அறை கிடைக்காது, கிடைத்தால் விலையைக் கேட்டு நிதி அலுவலர் எழுந்து நின்றுவிடுவார். விருந்தினர் இல்லத்தில் தங்கவைத்தால், அவர் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவம் இணையத்தில் பதிவாக வேண்டும். அதை யார் செய்வது என்று இல்லக் காப்பாளரிடம் முந்தின நாளே பேசி வைத்துவிடுங்கள். விருந்தினர் வந்து இறங்கும் நாள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையாகவே இருக்கும்.